பேர் வைத்த கிடா

ஓசூர்
10.2.2025

அன்புள்ள நேத்ராவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும், உன் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற கொர்னேலியஸ் அண்ணனும், உன் வீட்டு மாடு, கழுதை, பன்றி எல்லாரும் சுகம்தானே? இங்கே உன் மாமா நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். எனக்கு அது போதும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நேற்று போனில் நான் கத்தினேன், நீ அழுதாய். வைத்த பிறகு யார் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. காகிதத்தில் இருந்தால் நீ பேச்சை மாற்ற முடியாது. இந்த விஷயம் முடிகிற வரைக்கும் போன் வேண்டாம். பண்ணினாலும் எடுக்க மாட்டேன்.

உன் மாமாவுக்குத் தலையில் கட்டி எடுத்த அன்று, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு நம் கோரமண்டல் கங்கையம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும். அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பு, கறுப்புக் கிடா ஒன்று வளர்த்து உனக்குத் தருகிறேன் என்றேன். எழுப்பி அனுப்பினாள். பேத்தமங்கலம் சந்தையில் குட்டியை வாங்கி நேராக உன்னிடம் விட்டேன். எங்கள் அபார்ட்மெண்டில் துளசித் தொட்டி வைத்தாலே மூன்று பேர் சண்டைக்கு வருவார்கள், ஆட்டை எங்கே கட்டுவது? கூடப் பிறந்தவள் விடுதியும் மாட்டுக் கொட்டகையுமாக நடத்துகிற இடம், பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன். அவர் அதை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

உன் இடத்தில் எந்த உயிரையும் கொல்லக் கொடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் குட்டியை விடும்போது சரி என்றுதானே சொன்னாய்? ஆடி மூன்றாம் வெள்ளி, ஆகஸ்டு ஒன்றாம் தேதி திருவிழா. அதுவரைக்கும் தழை போடு. நேற்றுப் போல "விட்டுடேன் அக்கா" என்று இன்னொரு தடவை சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா லதா

*

கோரமண்டல்
24.2.2025

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மாமாவை வெயிலில் அலைய விடாதே.

போன வாரம் விடுதியில் நான்கு அறையும் நிரம்பிவிட்டது. எல்லாரும் பெங்களூர்க்காரர்கள். சைனைடு மேட்டை நிஜ மலை என்று நினைத்துப் போட்டோ எடுத்தார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண் என்று சொன்னதும் முகம் வாடிப்போயிற்று. ஒரு பெண் நம் கிழட்டு எருதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தோசை சாப்பிட்டாள். ஊரை விட்டு இரண்டு நாள் ஓடி வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இதுதான், கேள்வி கேட்காத நாலு ஜீவன்.

ஃபோர்மேன் நன்றாக இருக்கிறான். விடிந்ததும் கொட்டகையை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு மாட்டின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் தழையில் வாய் வைப்பான். "எனக்கு மேல இருந்த ஷிப்ட் பாஸு கூட இப்பிடி ரவுண்டு வந்தது இல்லம்மா" என்கிறார் கொர்னேலியஸ் அண்ணன். முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்துக் கேஜில் இறங்கி ஏறிய மனுஷன், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அக்கா, ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு தடவை யோசித்துப் பார்.

உன் தங்கச்சி,
நேத்ரா

*

ஓசூர்
3.3.2025

நேத்ரா,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் கேட்டுவைக்கிறேன்.

ஃபோர்மேன் யார்? அம்மனுக்கு நேர்ந்துவிட்டதற்குப் பேர் வைத்தது யார்? நம் வீட்டில் எத்தனை கிடா வளர்ந்திருக்கிறது, ஒன்றுக்காவது பேர் இருந்ததா? பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் அம்மனுக்குக் கொடுக்கக் கை வராது என்று அப்பா நம்மைத் தொடக்கூட விட்டதில்லை. நீயும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே?

யார் வைத்தது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

லதா

*

கோரமண்டல்
6.4.2025

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வெயில் கொளுத்துகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, டேங்கர் வாங்குகிறோம். கழுதைக்கு இருமல், இப்போது பரவாயில்லை. ஊரிகத்திலிருந்து இரண்டு கன்றுக்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். காளைக்கன்றாம், பால் தராதாம், அதனால் ரோட்டில் விட்டுவிட்டார்களாம்.

அக்கா, நேராகச் சொல்லிவிடுகிறேன். கிடாவை என்னால் தர முடியாது. அன்றைக்குச் சரி என்று சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. வேறு யாராவது அப்படிக் கொண்டுவந்திருந்தால் கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன். அக்கா என்பதால் வாயைத் திறக்கவில்லை. இப்போது நிலைமை மாறிவிட்டது. என்ன மாறியது என்று கேட்காதே.

அம்மனுக்கு வெள்ளியில் ஆட்டு உருவம் செய்து போடலாம், கூழ் ஊற்றலாம், நூறு பேருக்குச் சாப்பாடு போடலாம். செலவில் பாதி நான் தருகிறேன்.

மாமாவுக்குத் தலைவலி எதுவும் இல்லையே? அதை மட்டும் மறக்காமல் எழுது.

நேத்ரா

*

ஓசூர்
14.4.2025

நேத்ரா,

இன்றைக்கு வருஷப் பிறப்பு. நல்ல வார்த்தையாக எழுத வேண்டும் என்று மாங்காய்ப் பச்சடி செய்து சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

நான் கேட்டது ஒன்று, நீ பதில் சொன்னது நாலு. கிணறு, கழுதை, கன்றுக்குட்டி, வெள்ளி உருவம். பேர் வைத்தது யார் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

கங்கையம்மன் என்ன நீ வைத்திருக்கிற ஓட்டலா, இது இல்லை என்றால் அது கொண்டுவா என்று சொல்வதற்கு? நான் கேட்டது அவர் உயிரை. அவள் அதைத்தான் கொடுத்தாள், அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கவில்லை. உன்னிடம் வருகிறவர்கள் இரண்டு நாள் மாட்டைத் தடவிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போக முடியாது. தினமும் ராத்திரி அவர் மூச்சு சரியாக வருகிறதா என்று பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான்.

நாம் பிறந்து வளர்ந்த சுரங்க லைன் வீடுகளில் பார்வதம்மா அக்காவுக்குச் சொல்லியாகிவிட்டது. திருவிழாப் பொறுப்பு இந்த வருஷம் அவர்கள் வீட்டில்தான். நம் கிடாவுக்கு முதல் மாலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

லதா

*

ஓசூர்
12.6.2025

நேத்ரா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமாகத்தான் இருப்பாய். இன்டர்நெட்டில் உன் விடுதிப் பக்கத்தில் புதுப் போட்டோ போடுகிறாயே, பார்க்கிறேன்.

மாமாவுக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தோம். பழைய இடத்திலேயே ஒரு புள்ளி தெரிகிறதாம். சின்னதுதான், ஆனாலும் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். ஆகஸ்டில் ஆபரேஷன் இருக்கும்.

ஏன் திரும்பி வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? அம்மனுக்கு ஆசை காட்டிவிட்டு, கிடாவுக்குப் பேர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தால் அவள் வேறு என்ன செய்வாள்? எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக வருவதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

அவர் எதுவும் நடக்காத மாதிரி இருக்கிறார். போன சனிக்கிழமை கூடப் பழைய பேக்டரிக்காரர்களின் சொசைட்டி மீட்டிங் என்று பஸ் ஏறி உன் ஊர்ப் பக்கம், கேஜிஎப் வரைக்கும் போய்விட்டு வந்தார். மாசம் தவறாமல் அப்படி என்ன மீட்டிங்கோ. பொட்டுக்கடலைதான் தருவார்கள் போல, துவைக்கும்போது பேண்ட் பாக்கெட் எல்லாம் அதுதான். "அவ்ளோ தூரம் போறீங்களே, நேத்ராவ ஒரு எட்டு பாத்துட்டு வரக்கூடாதா?" என்றால் நேரம் இல்லை என்கிறார்.

இனி இது உன் கொள்கையும் என் நம்பிக்கையும் போடுகிற சண்டை இல்லை. அவர் உயிர். கிடாவைக் கொடுத்துவிடு. உன் காலில் விழ வேண்டும் என்றாலும் விழுகிறேன்.

அக்கா

*

கோரமண்டல்
18.6.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க அடுப்பே மூட்டவில்லை. கொர்னேலியஸ் அண்ணன்தான் விருந்தாளிகளுக்கு ஏதோ சமைத்துப் போட்டார். மாமாவைத் தனியாக விடாதே. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று எழுது, நான் வந்து உன்னோடு இருக்கிறேன்.

கிடாவுக்குப் பின்னங்காலில் புண் வந்திருக்கிறது. கம்பி கிழித்துவிட்டது, ஆறினாலும் நொண்டும் போலிருக்கிறது. ஊனம் உள்ளதை அம்மனுக்குக் கொடுக்கக் கூடாது இல்லையா? அப்படியானால் இது அவளே வேண்டாம் என்று சொன்ன மாதிரிதானே அக்கா?

நேத்ரா

*

ஓசூர்
25.6.2025

நேத்ரா,

அந்தப் புண்ணை நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்டால் அறை இல்லை என்பாய் என்று, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு அவள் பேரில் உன் விடுதியில் இரண்டு நாளைக்கு அறை போட்டாயிற்று. ஜூலை நாலு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறோம். ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்சம் காற்றாட இருந்துவிட்டு வரலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் வேண்டவே வேண்டாம் என்றார். வற்புறுத்தித்தான் கூட்டி வருகிறேன்.

ராகி தோசையும் காரச் சட்னியும் செய்து வை. அவருக்குப் பிடிக்கும்.

லதா

*

கோரமண்டல்
30.6.2025

அக்கா,

வராதே. வந்தே ஆக வேண்டும் என்றால் நீ மட்டும் வா. மாமாவைக் கூட்டி வராதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நேத்ரா

*

ஓசூர்
8.7.2025

நேத்ரா,

உன் கடைசிக் கடிதம் நாங்கள் கிளம்பி வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. நேற்று படித்தேன். முன்பே வந்திருந்தாலும் உன் பேச்சைக் கேட்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டோம். ஏன் என்று அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

காலையில் நீ விருந்தாளிகளுக்கு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாய். நான் கொட்டகைக்குப் போய் கிடாவின் நாலு காலையும் தூக்கிப் பார்த்தேன். புண்ணும் இல்லை, தழும்பும் இல்லை. உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று திரும்பினேன். அப்போதுதான் அவர் பல் விளக்கிவிட்டுத் துண்டோடு அந்தப் பக்கம் வந்தார். கிடா என் கையிலிருந்து காலை உருவிக்கொண்டு அவரிடம் ஓடிற்று. "அய்ய, யாருது இது?" என்று தள்ளிவிட்டார். நடிக்கத் தெரியாத மனுஷன். அது போகவில்லை. நேராகப் போய் அவர் பேண்ட்டின் வலது பாக்கெட்டில் மூக்கை விட்டது. இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே பொட்டுக்கடலை இருந்தது.

நேத்ரா, நான் அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொசைட்டி, அவர் மீட்டிங், அவருக்கு இல்லாத நேரம் எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

"இன்னாங்க இது?" என்று கேட்டேன். கிடாவின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்து பெட்டுல முனிரத்தினம்னு ஒருத்தன் இருந்தான் பாரு. எனக்கு இருந்த அதே கட்டிதான். அவன் பொண்டாட்டியும் சாமிய வேண்டிகினுதான் இருந்தா. அவன் பூட்டான், நான் வந்துட்டேன். அதுவே எனக்கு நெஞ்சுல கனமா கீது லதா. இதுக்கு மேல என் பேரச் சொல்லி இன்னொரு உசுரு போவ வேணாம்."

"இத என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"எப்பிடிச் சொல்றது? உன் தெகிரியம் எல்லாம் இந்தக் கிடா மேலதான் நிக்குது. அத நான் புடுங்கிட்டா நீ இன்னா ஆவ?"

அவருக்காகத்தான் இத்தனையும். அவரே என்னிடம் ஒளித்து, நீயும் ஒளித்து, கொர்னேலியஸ் அண்ணன் வரைக்கும் தெரிந்து, நான் ஒருத்திதான் வெளியாள். ஐந்து மாதமாக உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டி எழுதினேனே, அதையெல்லாம் படித்துவிட்டு எப்படி உன்னால் சும்மா இருக்க முடிந்தது?

எனக்கு இப்போது யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

லதா

*

கோரமண்டல்
14.7.2025

அன்பு அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? அதை முதலில் எழுது.

மாமா போன வருஷம் ஒரு சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்தவர், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தார். கிடா அன்றைக்கே அவர் பின்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஃபோர்மேன் என்று பேர் வைத்தது அவர்தான். அது எதற்காக வளர்கிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. பிறகு ஒருநாள் கொர்னேலியஸ் அண்ணன் உளறிவிட்டார். கேட்டதும் மாமா கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்குத் தெரியக் கூடாது, மறுக்கிற பழியை நீயே ஏற்றுக்கொள் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஆபரேஷன் செய்த தலையோடு ஒரு மனுஷன் கண் கலங்கிக் கேட்கும்போது நான் என்ன சொல்வேன்? புண் என்று எழுதியது மட்டும் என் சொந்தப் பொய். அதற்கு என்னைத் திட்டு.

நீ திட்டியதெல்லாம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன்.

இனி இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க என்னால் முடியாது. உன் பயத்தைக் கிண்டல் செய்யவும் எனக்கு வாய் வராது, எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. நானும் அதே லைனில் பிறந்தவள்தான். ஆகஸ்டு ஒன்றாம் தேதி காலையில் கொர்னேலியஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பங்காருப்பேட்டை போய்விடுகிறேன். சாயங்காலம்தான் திரும்புவோம். கொட்டகைக் கதவு திறந்திருக்கும். நீ எடுக்கிற முடிவுதான் முடிவு. எதுவானாலும் நான் உன் தங்கச்சிதான்.

நேத்ரா

*

ஓசூர்
9.8.2025

அன்புள்ள நேத்ராவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். அவரும் சாப்பிடுகிறார். உனக்கும் கொர்னேலியஸ் அண்ணனுக்கும் உடம்பு எப்படி? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் கழுத்தில் மாலையும் உடம்பெல்லாம் மஞ்சளுமாகக் கிடா கொட்டகையில் நின்றதைப் பார்த்து நீ என்ன நினைத்தாயோ. போனில் கூப்பிட்டாய். எடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

அவரிடம் எதுவும் சொல்லாமல்தான் கிளம்பினேன். பையில் புதுக் கயிறு இருந்தது. நீ சொன்னபடி கதவு திறந்திருந்தது. கயிற்றைப் போட்டேன், முரண்டு பிடிக்காமல் பின்னாலேயே வந்தது. என் பையை மட்டும் இரண்டு தடவை மோந்து பார்த்தது. கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டும்போது, எனக்கு வேறு வழி இல்லை, இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

பார்வதம்மா அக்கா மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். அது துலுக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு ஆசை. தண்ணீர் பட்டு உடம்பைச் சிலிர்க்காவிட்டால் அம்மனுக்கு வேண்டாம் என்று அர்த்தம், நானும் தப்பித்துக்கொள்வேன். ஊற்றின உடனே தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலிர்ப்பு. "துலுக்கிச்சி! அம்மா ஒத்துகினா!" என்று கூட்டமே குலவை இட்டது.

அவள் கேட்டாள், நேத்ரா. எனக்கு எந்தச் சாக்கும் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அப்போது அவர் பாக்கெட்டுதான் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் "ஃபோர்மேன் எப்பிடி கீறான்?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பார்வதம்மா அக்கா குறுக்கே வந்து நின்றார்கள். "இன்னாடி பண்ற? அம்மா வாங்கிகினத திருப்பி இஸ்துகினு போனா இன்னா ஆவும், தெரிமா?"

"தெரியும் அக்கா. அதான் பயமா கீது" என்றேன்.

அம்மனைப் பார்த்துச் சொன்னேன். நான்தான் வேண்டிக்கொண்டேன், நான்தான் இல்லை என்கிறேன். உன் கோபம் எவ்வளவு இருந்தாலும் என் மேல் வை. அவர் பக்கம் போகாதே. அவர் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. கிடாவை ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அழுதேன்.

ராத்திரி அவரிடம் சொன்னேன். மஞ்சள் போகாத என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவர் மூச்சு சரியாக வருகிறதா என்று நான் விடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். இது உன் கைக்கு வரும்போது செவ்வாயோ புதனோ ஆகியிருக்கும். என்னோடு வந்து இருக்கிறேன் என்றாய். வேண்டாம், நீ அங்கேயே இரு. வியாழக்கிழமை விடிந்ததும் அவரை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு முன்னால் கொட்டகையில் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணு. எடுப்பேன். நீ எதுவும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். போனை ஃபோர்மேன் வாய்க்குப் பக்கத்தில் பிடி. அவர் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போகட்டும்.

உன் அக்கா,
லதா